சிநேகிதிக்கு எச்.பி.வி. என்று ரிப்போட். மாப்பிள்ளை அதை வைத்தே மிரட்டுகிறார். நான் என்ன செய்யலாம்?

கொக்குவில்காரி (ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் வணக்கம். இது என் சிநேகிதியின் பிரச்சினை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊரையும் வேலையையும் மாற்றியிருக்கிறேன், யாரென்று தேடாதீர்கள்.

அவளுக்கு 31 வயது. போன வருசம் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, முடிந்தது. தையில் கலியாணம், மண்டபத்துக்கு முற்பணமும் கட்டியாயிற்று. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை, இடைக்கிடை இரவு ரயிலில் வந்து போவார். எழுத்து முடிந்ததால் இரண்டு வீட்டிலும் அவர்களைப் புருசன் பெண்சாதியாகத்தான் பார்க்கிறார்கள்.

மாதவிடாய் இல்லாத நாட்களிலும் இரத்தம் பட்டதால் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினாள். பாப் சோதனையும் (கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களை எடுத்துப் பார்ப்பது) எச்.பி.வி. சோதனையும் எடுத்தார்கள். 'ஹை ரிஸ்க் எச்.பி.வி. பொசிட்டிவ்' என்றும், கருப்பைக் கழுத்துக் கலங்களில் சிறிய மாற்றம், 'லோ கிரேட்' என்றும் வந்தது. கவுண்டரில் ரிப்போட்டைக் கொடுத்த பிள்ளை அதை எச்.ஐ.வி. என்று வாசித்து, வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி "அடுத்தமுறை மிஸ்டரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றிருக்கிறாள். அங்கிருந்து என் வீட்டுக்கு ஸ்கூட்டியை எப்படி ஓட்டி வந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

மாப்பிள்ளையிடம் அவள் மறைக்கவில்லை. அன்றிரவே ரிப்போட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "கம்பசில ஆரோட திரிஞ்சனீ?" அவளுக்குக் கம்பசில் ஒருவரோடு விருப்பம் இருந்தது உண்மைதான். எழுத்துக்கு முன்னரே அவருக்குச் சொன்ன கதை அது. ஓரிரு நாளில் அவர் கொழும்பில் ஒரு லாபில் இரத்தம் கொடுத்து, 'நான் கிளீன்' என்று தன் ரிப்போட்டை அனுப்பினார்.

அப்புறம் தொடங்கியது. போனில் லொகேசன் எந்நேரமும் போட்டிருக்க வேண்டும். வேலையிடத்தில் வீடியோ கோல் வந்தால் கமராவைச் சுற்றிக் காட்ட வேண்டும். பேஸ்புக் பாஸ்வேர்ட் அவரிடம். அவள் என் வீட்டுக்கு வந்தால் நான் "ஹலோ அண்ணா" என்று குரல் கொடுக்க வேண்டும், என்னோடுதான் இருக்கிறாள் என்று அவர் நம்புவதற்கு.

இப்போது புதிதாக ஒன்று. சீதன வீட்டை இரண்டு பேர் பெயரிலும் எழுதச் சொல்கிறார். "இந்த வருத்தத்தோட உன்னை வேற ஆர் ஏற்பான்? மாமாவுக்கு ரிப்போட்டைக் காட்டட்டோ?" என்று வொயிஸ் மெசேஜ். அவளுடைய அப்பா இருதயத்துக்கு மருந்து எடுப்பவர்.

அவரை விடும் எண்ணம் அவளுக்கு இல்லை. "என்னிலதானே பிழை" என்கிறாள். அந்த மனிசனைப் பற்றி நான் வாயைத் திறந்தால் எழும்பிப் போய்விடுகிறாள். இந்த வருத்தம் எவ்வளவு பாரதூரமானது? நான் அவளுக்கு என்ன சொல்ல, எதைச் சொல்லாமல் விட?

பழைய மிட்வைஃப் (ஞாயிறு இரவு)

தங்கச்சி, முதலில் வருத்தத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மற்றக் கதைக்கும் அது உதவும்.

எச்.பி.வி. என்பது எச்.ஐ.வி. இல்லை, அதற்கு உறவும் இல்லை. இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உள்ள ஒரு வைரஸ் கூட்டம் இது. தாம்பத்திய உறவு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது தொற்றும், ஆணுக்கும் சரி பெண்ணுக்கும் சரி. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை அடக்கிவிடும். 16, 18 ஆம் வகைகள்தான் கவனிக்க வேண்டியவை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த இரண்டாலும் வருவது. அதுகூட வைரஸ் போகாமல் நிலைத்து நின்றால்தான், அதற்கும் பொதுவாகப் பதினைந்து இருபது வருடம் எடுக்கும். 'லோ கிரேட்' மாற்றம் புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் தானாக மாறிவிடும், ஆனால் தவணைக்குத் தவணை பார்க்க வேண்டும்.

அடுத்தது, யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி. இதற்குப் பதில் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. வைரஸ் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் இருந்து பிறகு சோதனையில் தெரியலாம். கம்பசில் வந்ததாகவும் இருக்கலாம், இந்த மாப்பிள்ளையிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அவர் அனுப்பிய 'கிளீன்' ரிப்போட்டுக்கு இந்த விசயத்தில் ஒரு பெறுமதியும் இல்லை. எச்.பி.வி. இரத்தத்தில் பார்க்கிற சாமான் இல்லை. ஆண்களுக்கு வழக்கமாகச் செய்கிற எச்.பி.வி. சோதனை என்று ஒன்றும் கிடையாது. அவர் பார்த்தது வேறு நோய்களுக்கானது.

இன்னொன்று, இதை மறந்துவிடாதேங்கோ. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனது இரத்தம் பட்டதற்காக. அதற்கு வேறு காரணமும் இருக்கலாம். வைரசைப் பற்றியே எல்லோரும் கதைத்துக் கதைத்து அந்த இரத்தத்தை விட்டுவிடக் கூடாது. யாழ் போதனா வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்கில் ரிப்போட்டோடு போய்க் காட்டுங்கோ, காசு இல்லை. பதினெட்டு வயது தாண்டிய பெண்ணின் சோதனைக்குப் புருசனின் கையெழுத்தும் தேவையில்லை. கவுண்டரில் கத்தின பிள்ளையைப் பற்றி அந்த ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதத்தான் வேண்டும், ஆனால் அதைப் பிறகு பார்க்கலாம்.

ரொறன்ரோ மாமா (திங்கள் காலை)

பிள்ளை, ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அந்தப் பெடியனுக்கும் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். எழுத்தும் முடிந்து மண்டபமும் எடுத்த பிறகு குழப்பினால் பெண்ணின் பெயர்தான் கெடும். கலியாணம் முடிந்து ஒரு பிள்ளையும் பிறந்தால் சந்தேகம் தன்பாட்டில் போய்விடும். இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் இருத்திக் கதைப்பியுங்கள்.

தென்மராட்சிக்காரி (திங்கள் மதியம்)

மாமா, 'ஒரு பிள்ளை பிறந்தால் சரி' என்பதை நம்பித்தான் நானும் இருந்தேன். பிள்ளை பிறந்தது. சந்தேகம் பிள்ளையின் மூக்கைப் பார்க்கத் தொடங்கியது.

அதிர்ச்சி வந்தவன் அழுவான், ஏசுவான், நாலு நாள் கதைக்காமல் இருப்பான். வீட்டு உறுதி எழுதித் தா என்று கேட்கமாட்டான். எனக்கு இதில் வைரசைவிடப் பயமாக இருப்பது அந்த வொயிஸ் மெசேஜ்தான். வைரசுக்காவது மிட்வைஃப் அக்கா இரண்டு வருடக் கணக்குச் சொல்கிறா. இப்படிப்பட்ட குணத்துக்கு அப்படி ஒரு தவணை இல்லை. கொடுக்கக் கொடுக்கக் கூடும்.

கொக்குவில்காரி, உங்களுக்குச் சொல்கிறேன். நான் அந்த வீட்டில் இருந்தபோது என் அக்காமார் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். அவர்கள் திட்டத் திட்ட நான் அவருக்காக வாதாடினேன், "அவருக்கும் வேலையில பிரச்சினை", "குடிக்கிறேல்லைத்தானே" என்று. வாதாடி வாதாடி நானே அதை நம்பினேன். ஒரு சிநேகிதி மட்டும் அவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நல்லூருக்கு வருவாள், வீதியில் இருந்து கச்சான் உடைப்போம். "இந்தக் கிழமை எப்பிடி நித்திரை கொண்டனீ?" என்று கேட்பாள். அவ்வளவுதான் கேட்பாள். நித்திரையைப் பற்றித் தொடங்கினால் எல்லாம் வெளியே வரும். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, போகும்போது "உனக்கு எப்ப தேவையெண்டாலும் என்ர அறை இருக்கு" என்பாள். கடைசியில் நான் பையோடு போய் நின்றது அக்காமார் வீட்டு வாசலில் இல்லை, அவளுடைய வாசலில்.

ஆகவே அவளுடைய மனிசனைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதேங்கோ. நடந்ததைச் சொல்லலாம். "அவர் கூடாதவர்" என்றால் அவள் எழும்பிப் போவாள். "நீ முந்தி சனிக்கிழமைகளில பாட்டு வகுப்புக்குப் போவியே, இப்ப போறேல்லை என்ன?" என்றால் யோசிப்பாள்.

உறுதிக்காரன் (திங்கள் இரவு)

நான் சட்டத்தரணி இல்லை. காணி உறுதி எழுதுகிற பிரசித்த நொத்தாரிசு ஒருவரிடம் நெடுங்காலம் வேலை செய்தவன். சட்டம் பற்றிக் கடைசிச் சொல் ஒரு சட்டத்தரணியுடையதாக இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, வசதி குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள்.

முதலாவது, எழுத்து என்பது நிச்சயதார்த்தம் இல்லை. நம் சனம் தாலி ஏறினால்தான் கலியாணம் என்று நினைக்கிறது, சட்டத்துக்குப் பதிவுதான் கலியாணம். அவர்கள் இப்போதே கணவன் மனைவி. ஆகவே 'வேண்டாம்' என்று ஒரு நாள் சொன்னால் அந்தத் தாளைக் கிழிக்க முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குப் போட வேண்டும். அதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் மூன்று காரணங்கள்தான்: கலியாணத்தின் பின் பிறரோடு தொடர்பு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், கலியாண நேரத்திலேயே இருந்த மாறாத ஆண்மைக் குறைவு. ஒத்துவரவில்லை என்பது காரணம் இல்லை. கொடுமை தாங்காமல் வெளியேறியவர்கள், அப்படி வெளியேறச் செய்ததே கைவிட்டதற்குச் சமம் என்று வாதாடுவார்கள். பயப்படுத்த எழுதவில்லை, தையில் மேளம் அடிப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அதே பதிவு அவளுக்குப் பாதுகாப்பும்தான். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அடித்தால் மட்டும் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். தொடர்ந்து இழிவுபடுத்துகிற பாரதூரமான நடத்தையும் மிரட்டிப் பறிப்பதும் அதற்குள் வரும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு விசாரித்து 12 மாதம் வரை. அந்த வொயிஸ் மெசேஜை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி வீடு. தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட மணமான பெண், தன் தனிப் பெயரில் இருக்கும் காணியை விற்கவே புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படி. காரணமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம், அது வேறு அலைச்சல். ஆக, அவள் பெயரில் மட்டும் எழுதினாலே அவருக்கு ஒரு பிடி இருக்கிறது. இரண்டு பேர் பெயரிலும் எழுதினால் பாதி வீடு அவருடையது, அவள் பிரிந்தாலும். கொடுத்த நன்கொடை உறுதியைத் திருப்பி எடுப்பது லேசான காரியம் இல்லை. அப்பாவிடம் வருத்தக் கதை ஒன்றும் சொல்லாமலே "உறுதியைக் கலியாணத்துக்குப் பிறகு ஆறுதலா எழுதுவம்" என்று அவள் சொல்லலாம். காணி அளக்க வேண்டும், நில அளவையாளர் வரவில்லை என்று இழுக்க யாழ்ப்பாணத்தில் ஆயிரம் காரணம் உண்டு, ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள்.

ரொறன்ரோ மாமா (செவ்வாய்)

உறுதி எழுதக் கேட்டது பிழை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் கோர்ட்டுக்குப் போகச் சொல்வது நம் பண்பாடு இல்லை.

சுன்னாகம் சந்தை (செவ்வாய்)

மாமா, ரிப்போட்டைக் காட்டி வீடு கேட்பது எந்தப் பண்பாட்டில் இருக்கிறது?

என் மனைவிக்கும் இதே எச்.பி.வி. வந்தது. டொக்டர் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். ஆரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கத் தொடங்க, "அது தெரிய வழியில்லை, தெரிந்தும் ஒன்றும் செய்ய ஏலாது, நீர் சிகரெட்டை விடும்" என்றார். புகை இருக்கிற வீட்டில் வைரஸ் போவதும் மெதுவாம். ஒரு வருடத்தில் திரும்பச் சோதித்தோம், நெகட்டிவ். இடையில் நாங்கள் பிடித்த சண்டை எல்லாம் சிகரெட்டுக்காகத்தான்.

மட்டுறுத்துநர் (செவ்வாய்)

மேலே ஒரு பதிவில் மாப்பிள்ளையின் அலுவலகத்தை ஊகித்து எழுதியிருந்தது நீக்கப்பட்டது. யாரையும் கண்டுபிடிக்க முயலாதீர்கள். இன்னொரு முறை நடந்தால் இழை பூட்டப்படும்.

போன் திருத்துபவன் (செவ்வாய் இரவு)

கஸ்தூரியார் வீதிப் பக்கம் போன் திருத்துகிற ஆள். இப்படியான கேஸ் எங்களிடம் கிழமைக்குக் கிழமை வரும். வட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற இடத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தெரியாத கணினி ஒன்று இருந்தால் அவர் எல்லாச் செய்தியையும் வாசிக்கிறார் என்று பொருள். உங்களோடு அவள் கதைத்ததையும் சேர்த்துத்தான். ஆனால் கண்டவுடனே அதை வெட்டவோ லொகேசனை நிறுத்தவோ வேண்டாம். திடீரென்று நின்றால் அந்த இரவே சண்டை வரும். என்ன செய்வது என்று அவள் தீர்மானித்த பிறகு நிறுத்தலாம். அதுவரை முக்கியமான கதையை நேரில் கதையுங்கள். மெசேஜ், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் அவருக்குத் தெரியாத ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பி வைக்கலாம், அதையும் உங்கள் போனிலிருந்து.

வடலி (புதன்)

எனக்கு ஒரு விசயம் ஏறவில்லை. கொக்குவில்காரி ஏன் "ஹலோ அண்ணா" சொல்ல வேண்டும்? நீங்களும் சேர்ந்து அவருக்குக் காவல்காரி வேலை பார்க்கிறீர்கள். மறுத்துவிடுங்கள்.

தென்மராட்சிக்காரி (புதன்)

வடலி, உங்கள் கோபம் சரி. ஆனால் அவர் அவளை ஒவ்வொருவரிடமிருந்தும் வெட்டிக்கொண்டு வருகிறார். கொக்குவில்காரி இன்று மறுத்தால் நாளைக்கு 'அந்த வீட்டுக்குப் போகாதை' என்பார். இருக்கிற ஒரே கதவும் பூட்டப்படும். என்னைக் கேட்டால் "ஹலோ அண்ணா, சாப்பிட்டிங்களோ?" என்று இன்னும் இனிப்பாகச் சொல்லட்டும். மானம் பார்க்கிற நேரம் இது இல்லை.

அவள் வேறு ஒருவரிடம் கதைக்க விரும்பினால் இடங்கள் உண்டு. 1938 பெண்களுக்கான அரச உதவி எண். 1926 மனநலத்துக்கானது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் 'நட்பு நிலையம்' என்று ஒன்று இதற்கென்றே நடக்கிறது. கிளினிக்குக்குப் போகிற அன்றே எட்டிப் பார்க்கலாம், லொகேசனில் ஆஸ்பத்திரி என்றுதான் காட்டும்.

கொக்குவில்காரி (அடுத்த ஞாயிறு)

எல்லோருக்கும் நன்றி. மிட்வைஃப் அக்கா எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இரத்தத்தில் பார்க்கிற சாமான் இல்லை என்ற இடத்தில் நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொன்னாள். பிறகு நெடுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை, தேத்தண்ணி போட்டேன்.

போதனா வைத்தியசாலைக்கு இருவரும் போனோம். கொல்போஸ்கோபி செய்ய நாள் கொடுத்திருக்கிறார்கள். அவள் அதற்குத்தான் இப்போது பயப்படுகிறாள். உறுதி விசயத்தில், "நில அளவையாளர் வரேல்லை" என்று அவளே அவருக்குச் சொல்லிவிட்டாள். அவர் கத்தினாராம். அவள் அந்தக் கத்தலை எனக்குப் போட்டுக் காட்டினாள். முன்பெல்லாம் அழித்துவிட்டுத்தான் வருவாள். 1938க்கு இன்னும் எடுக்கவில்லை. நம்பரைக் கேட்டு, 'தையல் கடை' என்று போனில் போட்டு வைத்திருக்கிறாள்.

கலியாணம் நடக்குமா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் அவளைக் கேட்கவில்லை. அப்பாவுக்குச் சொல்வதும் அவள் விருப்பம்.

அக்கா, கொல்போஸ்கோபி நோகுமா? அப்புறம் இன்னொரு கேள்வி. அவளுடைய தமக்கையின் மகள் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஊசிக்கு ஒப்பம் கேட்டு ஒரு தாள் வந்ததாம், தமக்கை 'பிள்ளைப்பேறு பாதிக்கும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒப்பம் போடாமல் வைத்திருக்கிறாவாம். அது இதற்கான ஊசிதானா?

பழைய மிட்வைஃப் (ஞாயிறு இரவு)

கொல்போஸ்கோபி என்பது உருப்பெருக்கிக் கண்ணாடியால் கருப்பைக் கழுத்தைப் பார்ப்பது, அவ்வளவுதான். கருவி உள்ளே போகாது, வெளியே நிற்கும். பாப் சோதனைக்கு வைத்த அதே விரிப்பானை வைப்பார்கள். பிறகு மெல்லிய அசற்றிக் அமிலம் பூசுவார்கள், வினாகிரியில் இருப்பது. கொஞ்சம் எரியும். மாற்றமுள்ள கலங்கள் வெள்ளையாகத் தெரியும். தேவையென்றால் அந்த இடத்தில் சிறு துண்டு எடுப்பார்கள். எடுக்கிற நேரம் மாதவிடாய் நோவு மாதிரி ஒரு பிடி பிடிக்கும். அந்த நேரம் இருமச் சொல்லுவார்கள், இருமினால் நோவு குறைவாகத் தெரியும். ஓரிரு நாள் கொஞ்சம் இரத்தம் படலாம், ஒரு பாட் கொண்டு போங்கோ. அன்றைக்குத் தனியே ஸ்கூட்டி ஓட்ட விடாதேங்கோ. மாதவிடாய் நாளோடு தவணை மோதினால் முன்பே சொல்லி மாற்றலாம்.

ஊசி இதற்கானதுதான். 2017 இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே இலவசமாகப் போடுகிறார்கள். வைரஸ் உடம்புக்குள் வரமுன் போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் அந்த வயது. பிள்ளைப்பேற்றைப் பாதிக்காது. தமக்கைக்கு 35 வயதாகியிருந்தால் அவவையும் உங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசின் வெல் வுமன் கிளினிக்குக்கு அனுப்புங்கோ. அங்கே கருப்பைக் கழுத்துச் சோதனை இலவசம், 45 வயதிலும் ஒரு தரம் செய்வார்கள். தாளில் ஒப்பம் போட நாள் தவறியிருந்தால் உங்கள் பகுதி மிட்வைஃபிடமோ பி.எச்.ஐ.யிடமோ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்கச் சொல்லுங்கோ, பிறகும் போடலாம்.